வாசம் ஆகாத வீடு

எங்கள் வீட்டில் பவுடர் டப்பா கிடையாது. வாசனைச் சோப்பு கிடையாது. சாமி படத்துக்கு ஊதுபத்தி கிடையாது, விளக்கு மட்டும்தான். மல்லிகைப்பூ சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்த பிறகு உள்ளே வரும், ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் குப்பைக்குப் போய்விடும். யாராவது விருந்தாளி வந்தால் துக்க வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர் போலச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். அப்படியொன்றும் விருந்தாளிகள் வந்து குவிவதில்லை, அது வேறு விஷயம்.

காரணம் என் வேலை. தேயிலைத் தொழிற்சாலையில், காய்ந்த இலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். தேயிலை மாதிரி வாசம் பிடிக்கிற சாமான் உலகத்தில் வேறு இல்லை. பக்கத்தில் வெங்காயம் இருந்தால் வெங்காயத்தைக் குடித்துவிடும், மண்ணெண்ணெய் இருந்தால் மண்ணெண்ணெயைக் குடித்துவிடும். அதனால் பவுடர் பூசி, செண்ட் அடித்து, பூ வைத்துக்கொண்டு யாரும் உள்ளே வரக்கூடாது. சேர்ந்த முதல் வாரமே என்னை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். தலைவலிக்கு நெற்றியில் கொஞ்சம் தைலம் தடவியிருந்தேன், அவ்வளவுதான். பனிக்குள் நின்று அழுதேன். அன்றைக்கே முடிவு செய்தேன், வாசம் என்று ஒன்று இனி என் வீட்டுப் படி ஏறக்கூடாது. எனக்கு எதையும் பாதி செய்யத் தெரியாது. செய்தால் முழுதாகச் செய்வேன், பிறகு முழுதாக அனுபவிப்பேன்.

தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் அப்போது எல்லா வீட்டிலும் தமிழ்க் குடும்பங்கள். இப்போது எங்களையும் சேர்த்து மூன்று வீடுதான். மற்றவர்கள் மலையை விட்டு ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிவிட்டார்கள். சிலர் திரிங்காப்பில் காய்கறித் தோட்டத்துக்குப் போனார்கள். காலியான வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், பார்த்தால் சிரிப்பார்கள், அதற்கு மேல் பேச எங்களுக்குள் பாஷை இல்லை. வேலையிலும் அப்படித்தான். சலிக்கிற இயந்திரத்தின் சத்தத்தில் எட்டு மணி நேரம் வாயைத் திறக்காமலே போய்விடும். வீட்டுக்காரர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது மகளுக்கு நான்கு வயது. முதலில் மாதம் ஒருமுறை வந்தார். அப்புறம் தீபாவளிக்கு வந்தார். அப்புறம் போன் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருப்பதாகக் கேள்வி. விசாரிக்க நான் போகவில்லை.

மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆனபோதுதான் இந்தப் பேச்சு ஆரம்பித்தது.

"எல்லாரும் பவுடர் போட்டுட்டு வர்றாங்கம்மா. ஒருத்தி லிப்ஸ்டிக் கூட போடுறா. நான் மட்டும் எண்ணெய் வடிஞ்ச மூஞ்சியோட போறேன்."

"இது பெக்டரி வீடு. அதெல்லாம் ஆகாது."

"பெக்டரிக்கு நீங்கதானே போறீங்க? நான் ஸ்கூலுக்குத்தானே போறேன்?"

நியாயமான கேள்விதான். பதில் இல்லாதபோது பழமொழியை எடுத்து வீசுவது எங்கள் குடும்ப வழக்கம். "கறுப்பே அழகு, காந்தலே ருசின்னு சும்மாவா சொன்னாங்க?" என்றேன்.

"அப்ப காந்தல நீங்களே சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். அன்றைக்கு நிஜமாகவே சோறு அடிப்பிடித்திருந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு பேச்சை முடித்துவிட்டேன். அங்கேதான் நான் தப்பு பண்ணினேன். அவள் கேட்டது பவுடர் இல்லை. முகத்தை என்ன செய்வது என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

என் முகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு படர்ந்திருக்கிறது, தேநீர்க் கறை மாதிரி. கேட்கிறவர்களிடமெல்லாம், கல்யாணத்துக்கு முன்னால் கொழுந்து கிள்ளப் போனபோது பட்ட வெயில் என்று சொல்லி வைத்திருந்தேன். மகளிடமும் அதையேதான் சொன்னேன். வீட்டில் கண்ணாடி ஒன்று உண்டு, ஆணியை உயர அடித்திருந்தேன். தலை வாரும்போது வகிடு தெரியும், முகம் தெரியாது.

ஆனால் முன்னறைச் சுவரில் எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. அதில் நான் வெள்ளை வெளேரென்று இருப்பேன். அவர் போன பிறகும் அதைக் கழற்றவில்லை. அவருக்காக இல்லை. என் முகம் பளபளவென்று இருந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி என்று வைத்திருந்தேன். அது பொய்ச்சாட்சி என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அவளுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் இருந்த சின்னப் போத்தலில் தேயிலை தீர்ந்துவிட்டது. தோட்டத்தில் கொடுக்கும் தேயிலையை ஒரு பெரிய சதுர பிஸ்கட் டின்னில் கொட்டி வைத்திருப்பேன். வீட்டிலேயே இறுக்கமான மூடி அதற்குத்தான். கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பினால்தான் திறக்கும். நெம்பி, போத்தலை நிரப்பிக்கொண்டு, பால் இல்லாமல் ஒரு தே ஓ கலக்கி வாயில் வைத்தேன்.

ரோஜா வாசம்.

முதலில் தலையில் இருந்த பூவோ என்று நினைத்தேன். பூ மல்லிகை. குவளையைக் கழுவி வேறு தண்ணீர் கொதிக்க வைத்தேன். மறுபடியும் ரோஜா. இத்தனை வருஷம் தேயிலைக்கு நடுவில் கிடந்தவளின் மூக்கை ஏமாற்ற முடியுமா? டின்னைத் திறந்து முழங்கை வரை கையை விட்டேன். அடியில், இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றி, ஒரு சின்ன வெள்ளை டப்பா. மேலே பெயர் இல்லை, செய்தவர் யார் என்று இல்லை. திறந்தேன். முத்து மாதிரி மின்னுகிற கிரீம், பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

அந்த வாசத்தை எனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்னால் நான் பூசியதும் இதே வாசம்தான். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிற்பாடு அவளே சொன்னாள், ஏன் அங்கே ஒளித்தாள் என்று. வேறு எங்கே வைத்தாலும் வாசம் வெளியே வரும், அம்மா மூக்கு கண்டுபிடித்துவிடும், வாசமே வெளியே வராத இடம் அந்த டின் ஒன்றுதான் என்று யோசித்திருக்கிறாள். கெட்டிக்காரிதான். வாசம் வெளியே வரவில்லை, உள்ளே இருந்த இலைக்குள் போனது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது தோன்றவில்லை.

அவள் எழுந்து வந்ததும் டப்பாவை மேசையில் வைத்தேன்.

"இது என்னா?"

முகம் செத்துப்போய்விட்டது அவளுக்கு. "கூட்டாளி ஒருத்தி போன்ல ஆர்டர் போட்டு வாங்கினது. எனக்கு ஒன்னு குடுத்தா."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம்."

இரண்டு மாதம்! தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளையின் முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை. முகங்களைப் பார்க்காமலே இருந்து பழகிவிட்டேன்.

"எதுக்குடி இந்தக் கருமம்?"

அவள் சுவரில் இருந்த கல்யாணப் படத்தைக் காட்டினாள். "நீங்க மட்டும் அப்டி இருந்தீங்கல்ல? நான் ஏன் இப்டி இருக்கேன்?" அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்க கறுத்துப் போனதாலதானே அப்பா போனாரு? ஒரு கல்யாண வீட்டுல பேசிக்கிட்டாங்க. எனக்குத் தெரியும்."

அடித்துவிட்டேன். கன்னத்தில், விரலெல்லாம் பட. அடித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் சேலையில் துடைத்தேன்.

அவள் அழவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து பார்த்தேன். என் ஐந்து விரலும் அப்படியே சிவப்பாக இருந்தன. மத்தியானம் பார்த்தேன், இருந்தன. சாயந்தரம் விளக்கு வைக்கிற நேரத்திலும் இருந்தன. அவளைச் சின்ன வயதிலிருந்து நான் அடிக்காதவள் இல்லை. எந்த அடியும் இப்படி நின்றதில்லை. அந்தத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து போயிருந்தது. அப்போதுதான் பயம் என்றால் என்ன என்று தெரிந்தது. என் முகத்துக்கு வந்தது இந்த முகத்துக்கும் வரப்போகிறது, நான்தான் அதைச் சுவரில் மாட்டி வைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். இனி மறைத்துப் பயனில்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்தேன். பதினேழு வயதில், கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் நிற்கிறேன். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் எடுத்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் வைத்தேன்.

"இது யாரு?" என்றாள்.

"யாருன்னு நீயே சொல்லு."

ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்குத் தெரியலம்மா. ஆனா என் மாரியே இருக்காங்க."

"நான்தான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், கதவு வழியே முன்னறைச் சுவரைப் பார்த்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். கார் பூட்டில் சேலையும் வளையலும் வைத்து லயத்துக்கு விற்க வரும் ஓர் அக்கா, பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று என் கையில் அந்த டப்பாவைத் திணித்தது. பத்தே நாளில் முகம் வெளுத்தது. ஊரே கண் வைத்தது. கல்யாணம் முடிந்து டப்பா தீர்ந்தது, அந்த அக்கா மறுபடி வரவில்லை. முதலில் எரிச்சல், பிறகு அரிப்பு, பிறகு இந்த மங்கு. தாலி ஏறி ஒரு வருஷத்துக்குள் படத்தில் இருந்தவள் காணாமல் போனாள். அவர் ஒருநாள், சிரித்துக்கொண்டுதான், "ஒன்ன காட்டி இன்னொன்ன தலையில கட்டிட்டாங்க" என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அப்போ அதனாலதான் போனாரா?"

"தெரியாது பாப்பா," என்றேன். "அதனாலதான்னு நானும் ரொம்ப நாள் நெனச்சேன். இப்பவும் சில நாள் நெனைக்கிறேன். ஆனா மூஞ்சிய பாத்துட்டுப் பிள்ளைய விட்டுட்டுப் போற ஆளு, மூஞ்சி நல்லா இருந்தாலும் போயிருப்பான்."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் எனக்கே அது உண்மை என்று பட்டது. அவள் அந்தப் பழைய படத்தை விடாமல் பிடித்திருந்தாள். "நீங்க இதுலதான்மா அழகா இருக்கீங்க," என்றாள். அன்றைக்கு இரவு கல்யாணப் படம் சுவரை விட்டு இறங்கியது. டின்னில் இருந்த தேயிலை முழுவதையும் கொட்டி, டின்னைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து வெயிலுக்கு வைத்தேன். வாசம் போக ஒரு வாரம் ஆனது.

மறுநாள் லீவு போட்டு அவளை தானா ராத்தா டவுனுக்குக் கூட்டிப்போனேன். கிளினிக்கில் டாக்டர் அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேர் இல்லாத கிரீமில் பல நேரம் பாதரசம் இருக்கும், இன்றோடு நிறுத்து என்றார். நிறுத்தினால் கொஞ்ச நாள் முகம் மோசமாகும், பயந்து மறுபடி பூசிவிடாதே என்றும் சொன்னார். சிறுநீர் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு மலாயில் மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது போல எனக்கும் சொன்னார். வாசம் இல்லாத சோப்பால் முகம் கழுவு, ஈரம் காயும் முன்னே வாசம் இல்லாத கிரீம் தடவு, காலையில் வெயில் கிரீம் போடு.

"இங்க ஏது டாக்டர் வெயிலு? எப்பவும் பனிதானே," என்றேன்.

"குளிராக இருந்தால் வெயில் இல்லை என்று யார் சொன்னது? மலை உயர உயர அதற்குப் பலம் அதிகம்," என்றார். பிறகு என் கன்னத்தைப் பார்த்து, "இது உனக்கும்தான்," என்றார்.

வாசம் இல்லாதது! வெளியே வந்து மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் வாசலில் நிறுத்தி வைத்ததில் பாதி சரிதான் போலிருக்கிறது. மீதிப் பாதியைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விட்டிருக்கிறேன்.

சோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் டாக்டர் அம்மா சொன்ன மாதிரியே முகம் மோசமானது. பொரிப்பொரியாக வந்து, உரிந்து, இரண்டு வாரம் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான் கண்ணாடியைக் கழற்றி, ஆணியை இறக்கி அடித்தேன். இரண்டு பேர் முகமும் தெரிகிற உயரத்தில்.

"நீ பள்ளிக்கூடத்துக்கு இந்த மூஞ்சியோட போ. நான் பெக்டரிக்கு இந்த மூஞ்சியோட போறேன். யாருக்கு மொதல்ல வெக்கம் போகுதுன்னு பாப்போம்," என்றேன்.

அப்படித்தான் எங்கள் காலை ஆரம்பித்தது. இரண்டு விரல் நீளத்துக்கு வெயில் கிரீமைப் பிதுக்கிக்கொள்வோம். முதல் நாள் எனக்கு அதைத் தேய்க்கத் தெரியாமல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றேன். "அம்மா, பேய் படத்துல நடிக்கப் போலாம்லா நீங்க," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடித்த கன்னத்தை நான் தொடுவதற்கு ஒரு மாதம் ஆனது. அவளே என் கையைப் பிடித்து எடுத்து வைத்து, "இங்க சரியா படல, தேய்ச்சி விடுங்க," என்றாள். தொழிற்சாலை வாசலில் ஆட்களைச் சோதித்து உள்ளே விடும் கிராணி அம்மாவிடம் போய், முகத்தை நீட்டி, மோந்து பார்க்கச் சொன்னேன். அவர் திகைத்து, மோந்து, "ஒன்னுமில்ல, போ," என்றார். அன்றைக்கு ஏனோ தேர்வில் பாஸ் ஆனவள் போல உள்ளே போனேன்.

மை, லிப்ஸ்டிக் எல்லாம் பிறகு வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக. பள்ளியில் பொங்கல் விழாவுக்கு ஆடியபோது நானே மை தீட்டிவிட்டேன், கோணலாக. அவள் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். நான் வைத்த சட்டங்கள் சொற்பம். அடுத்தவர் மையைக் கண்ணில் வைக்காதே. எவ்வளவு அலுப்பாக வந்தாலும் கழுவாமல் படுக்காதே. பேர் போடாத எதையும் தொடாதே. குளிரில் உதடு வெடிக்கிறது என்று ஸ்ட்ராபெரி வாசம் போட்ட உதட்டுத் தைலம் ஒன்று கேட்டாள். யோசித்து, சரி என்றேன். கண்ணாடி அருகே இருக்கட்டும், அடுப்படிக்குள் மட்டும் வரக்கூடாது. அவ்வளவு பெரிய சலுகையை என் வீட்டில் யாரும் பெற்றதில்லை.

இந்த வருஷம் அவளுக்கு ஈப்போ பக்கம் ஒரு பள்ளியில் ஹாஸ்டல் கிடைத்தது. சந்தோஷமான செய்திதான். லயமே வந்து வழியனுப்பியது என்று எழுத ஆசை. வங்காளதேசத்துப் பையன் ஒருவன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான், அவ்வளவுதான். பஸ் ஏறும்போது, "அங்க எவளாச்சும் எதையாச்சும் குடுத்தா பூசிறாதே," என்றேன். "தெரியும்மா," என்றாள். அந்த வயதில் நானும் எல்லாம் தெரியும் என்றுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் கண்ணாடியில் ஒரு முகம்தான் இருந்தது. மறுநாள் காலை பழக்கத்தில் இரண்டு பேருக்குக் கிரீமைப் பிதுக்கிவிட்டேன். மீந்ததை என்ன செய்ய? கழுத்துக்கும் கைக்கும் தடவிக்கொண்டு வேலைக்குப் போனேன். சாயந்தரம் வந்து விளக்கைப் போட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது படுக்கும்போதுதான் நினைவு வந்தது. இப்படியே நாலு நாள் போனது. தனிமை எனக்குப் புதிதில்லை. ஆனால் ஒருத்தி கூட இருந்து, இன்றைக்கு மூக்கில் சரியாகப் படவில்லை என்று திட்டிப் பழக்கிவிட்டுப் போன பிறகு வருகிற தனிமை வேறு மாதிரி, அது கடிக்கிறது.

ஐந்தாம் நாள் போத்தலில் தேயிலை தீர்ந்தது. டின்னை நெம்பினேன். தே ஓ கலக்கி வாயில் வைத்ததும் கை நின்றுவிட்டது. இலையில் வேறு வாசம்.

எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடியுமா? தெரியும்மா என்று சொல்லிவிட்டுப் போனவள் மறுபடி ஒளித்தாளா? குவளை சாய்ந்ததைக்கூடப் பார்க்காமல் டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினேன். அடியில் இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தேன். உள்ளே அந்த ஸ்ட்ராபெரி உதட்டுத் தைலம்.

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமைதான் போன் கொடுப்பார்கள். ஞாயிறு வரை காத்திருந்தேன். வீடியோவில் வந்தாள். முதலில் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னேன். திருப்பினாள். மூக்கில் ஒரு பரு, அவ்வளவுதான். பதினேழு வயதில் நான் கூடையோடு நின்ற அதே நிறம்.

"டின்னுக்குள்ள என்னாடி வெச்ச?"

"ஐயோ, அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டீங்களா?" ஒரே சிரிப்பு. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "காலையில தனியா உக்காந்து குடிப்பீங்கல்ல. அதான் என் வாசமாச்சும் கூட இருக்கட்டும்னு வெச்சேன். எத்தன நாளாச்சி கண்டுபிடிக்க?"

"மொத மடக்குலயே. ஒரு டின்னு தேயிலையே கெட்டுப்போச்சு. அறிவிருக்கா ஒனக்கு?"

"கொட்டிருங்கம்மா. வேற வாங்கிக்கலாம்லா."

"கொட்டத்தான் போறேன்," என்றேன், கோபமாகத்தான்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். தொழிற்சாலையில் இப்படி ஒரு மூட்டை வந்தால் யோசிக்காமல் கழித்து ஒதுக்கியிருப்பேன். உதட்டுத் தைலத்தை மறுபடி பையில் சுற்றினேன். இலையைக் கையால் விலக்கி, அடியில் வைத்து, மூடியை இறுக்கி மூடினேன்.